சிகரெட்டை விட்ட பிறகு ஈறில் ரத்தம் வருகிறது. மறுபடி தொடங்கினால் நிற்குமா?

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்)
ஜனவரி 12, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். 22 வருடமாகச் சிகரெட் பிடித்தவன் நான். நாளைக்கு 15-க்குக் குறையாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியதால் நிறுத்தினேன். இன்றோடு 24 நாள்.

மூச்சு பரவாயில்லை. ஆனால் கடந்த பத்து நாளாகப் பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம் வருகிறது. பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து மென்மையான பிரஷ் வாங்கினேன், அதற்குப் பிறகும் வருகிறது. நேற்று ஒரு பழத்தைக் கடித்தேன், கடித்த இடத்தில் சிவப்புத் தடம். இந்த 22 வருடத்தில் என் வாயில் ரத்தம் பார்த்த நினைவே இல்லை. பல்லில் கறை உண்டு, ஆனால் ஈறு கல் மாதிரி இருந்தது.

"சிகரெட் சூடு ஈறை இறுக்கி வைத்திருக்கும், விட்டால் இளகிப் பல் ஆடும்" என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? நாளைக்கு இரண்டு பிடித்தால் ரத்தம் நின்றுவிடுமோ என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே பயமாக இருக்கிறது.

ஆற்றுமணல்
ஜனவரி 12, இரவு 10.05

எனக்கும் இதேதான் அண்ணா. போன வருடம் நிறுத்தினேன், மூன்றாவது வாரம் ரத்தம் வந்தது. பயந்துபோய் மறுபடி தொடங்கினேன். கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. உங்கள் நண்பர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

வேர்நுனி
ஜனவரி 12, இரவு 11.30

ஜன்னலோரம் ஐயா, ஆற்றுமணல் தம்பி, இருவரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் பல் மருத்துவர். ஈறு சிகிச்சைதான் என் முழுநேர வேலை. அந்த இரண்டு சிகரெட்டைப் பிடித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியாப் படலம் தங்கினால் உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும். வெள்ளை அணுக்கள் வந்து சேர வேண்டும் அல்லவா, அதற்காக. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரியும், ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் கசியும். அந்தக் கசிவு, இங்கே தொற்று இருக்கிறது என்று உடம்பு அடிக்கும் மணி.

நிக்கோட்டின் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்குவது அதன் குணம். வருடக்கணக்காகப் புகைப்பவரின் ஈறு வெளிறி, தடித்து, இறுகி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஆரோக்கியமான ஈறு போலவே தெரியும். "கல் மாதிரி" என்று எழுதினீர்களே, அது இதுதான். தொற்று மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். சில சமயம் எலும்பே பாதி கரைந்திருக்கும், ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்காது.

புகையை நிறுத்தினால் சில வாரங்களில் ரத்த ஓட்டம் திரும்புகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த அழற்சி அப்போதுதான் வெளியே தெரிகிறது. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2003-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 27 பேரைப் பார்த்தார்கள். புகையை நிறுத்திய 4 முதல் 6 வாரத்தில், அளவுக் கம்பியால் தொட்டால் ரத்தம் கசியும் இடங்கள் 16 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகிவிட்டன. சரியாக இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் அவர்கள் ஈறு மோசமாகவில்லை. மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆற்றுமணல் தம்பி, உங்களுக்கு ரத்தம் நின்றது நோய் நின்றதால் அல்ல. குழாய்கள் மறுபடி சுருங்கிக்கொண்டன. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஐயா, நீங்கள் செய்ய வேண்டியது இது. ரத்தம் வருகிற இடத்தில் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால், அழுத்தாமல், விளிம்பு ஓரமாகத் தேயுங்கள். இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் போய், ஈறின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் குறித்த மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. இறங்கினால் பயமில்லை. 4-ம் அதற்கு மேலும் என்றால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை உருவாகியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலோ, உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் வந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு கதை.

பழையகணக்கு
ஜனவரி 13, காலை 7.15

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் என் தாத்தா 80 வயது தாண்டியும் புகைத்தார், கடைசி வரை சொந்தப் பல்லில்தான் சாப்பிட்டார். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத என் அக்காவுக்கு 40 வயதில் பல் ஆடுகிறது. இது ஒவ்வொருவர் உடம்பைப் பொறுத்தது இல்லையா? எல்லாப் பழியையும் புகையிலை மேல் போடுகிறோமோ என்று ஒரு சந்தேகம்.

எண்ணும்எழுத்தும்
ஜனவரி 13, காலை 8.50

பழையகணக்கு, உங்கள் தாத்தாவும் அக்காவும் உண்மைதான். ஆனால் அது இரண்டு பேர் கணக்கு. நிறைய பேரை எடுத்துக்கொண்டால் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் 13,000-க்கும் மேற்பட்டவர்களின் வாய்ப் பரிசோதனை விவரங்களை வைத்து 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. அப்போது புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருக்கும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு. எண்ணிக்கை கூடக்கூட அதுவும் கூடியது. நாளைக்கு 9 அல்லது அதற்குக் குறைவாகப் பிடிப்பவர்களுக்கே 2.8 மடங்கு, 31 அல்லது அதற்கு மேல் பிடிப்பவர்களுக்கு 5.9 மடங்கு. "நான் கொஞ்சமாகத்தான் பிடிக்கிறேன்" என்பவர்கள் அந்த 2.8-ஐ இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அதே ஆய்வில் என் மனதைத் தொட்டது வேறொரு எண். நிறுத்தி 11 வருடம் ஆனவர்களுக்கும் புகைக்கவே புகைக்காதவர்களுக்கும் கண்டுகொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. 2004-இல் அமெரிக்கப் பொது மருத்துவத் தலைவரின் அறிக்கை, புகைத்தல் ஈறு நோய்க்குக் காரணம் என்றே எழுதிவிட்டது. சும்மா சேர்ந்து காணப்படுகிறது என்று எழுதவில்லை, காரணம் என்று எழுதியது.

வேர்நுனி
ஜனவரி 13, மதியம் 1.20

நன்றி எண்ணும்எழுத்தும். பழையகணக்கு ஐயா, உங்கள் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. புகைக்காதவருக்கு 40 வயதில் பல் ஆடினால் முதலில் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுப்படாத நீரிழிவு ஈறை அரிக்கும். பரம்பரையும் உண்டு. நீங்கள் சொன்ன "உடம்பைப் பொறுத்தது" என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, புகையை நிறுத்த முடியும். சர்க்கரை நோயும் புகையும் ஒரே வாயில் சேர்ந்தால் ஈறின் நிலைமை மிகவும் பரிதாபம்.

புகை ரத்தத்தை மறைப்பதோடு நிற்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்தாலும் கிருமியை விழுங்கும் வேலையைச் சரியாகச் செய்ய விடாது. பல்லின் வேரோடு ஈறைப் பிணைக்கும் நார்களை உற்பத்தி செய்கிற செல்கள் நிக்கோட்டின் படிந்த வேர்மேல் ஒழுங்காக ஒட்டாது. அதனால்தான் ஒரே சிகிச்சை செய்தாலும் புகைப்பவரின் ஈறு குறைவாகவே ஆறுகிறது. ஈறுப் பைக்குள் ஆக்சிஜன் குறையக் குறைய, காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு அது சொந்த வீடு ஆகிவிடும். எலும்பைக் கரைக்கும் அழற்சியைக் கிளப்புவதில் முன்னால் நிற்பவை அந்தக் கிருமிகள்தான்.

காலியிடம்
ஜனவரி 13, இரவு 10.44

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. வாயில் ஆறு பல் இல்லை. ஒரு நாள்கூட எனக்குப் பல் வலித்ததில்லை. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். வலி வந்தால் போகலாம் என்று இருந்தேன். வலி வரவே இல்லை.

முதலில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபோது, பத்து வருடத்துக்கு முன்னால் என் பற்கள் இப்போதைவிடக் குட்டையாக இருந்தது தெரிந்தது. பல் எப்படி வளரும்? ஈறுதான் மேலே ஏறிவிட்டது. அதையும் கண்டுகொள்ளவில்லை. வாய் நாற்றம் சிகரெட்டால் என்று நினைத்து மிட்டாய் போட்டுக்கொண்டேன். மனைவி ஒருமுறை "இது சிகரெட் வாடை மாதிரி இல்லை" என்றாள். அவளிடம் கோபப்பட்டேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது கீழ்ப்பல் ஒன்று சாய்ந்தது. உடையவில்லை, நாற்றுக்கட்டில் ஒரு நாற்று சாய்கிற மாதிரி அப்படியே சாய்ந்தது. மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். வேரைச் சுற்றி எலும்பு வெளுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் கறுப்பு. "எத்தனை வருடமாகப் புகைக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் எதுவும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வருடத்திலேயே நான்கு பல் போனது. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், இம்ப்ளான்ட், ஒன்று வைத்தார்கள். நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன் என்று பொய் சொன்னேன். ஐந்தாவது மாதம் அது எலும்போடு சேராமல் கழன்றுவிட்டது. அந்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நிறுத்தியவன்தான், மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பல் போனது, ஏற்கெனவே காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தவை. மற்றவை நிற்கின்றன.

ஜன்னலோரம், உங்களுக்கு ரத்தம் வருகிறது என்பதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அந்த ரத்தம் ஒரு நாளாவது வந்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

ஜன்னலோரம்
ஜனவரி 14, காலை 6.30

காலியிடம் அண்ணா, இதை எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

ஒரு சின்னப் பயம் மட்டும் இருக்கிறது. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அது?

வேர்நுனி
ஜனவரி 14, காலை 11.10

நான் அதிகம் கேட்கும் பயம் இதுதான். பல்லுக்கு நடுவே காரை கட்டியாகி, சிமென்ட் மாதிரிப் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். எலும்பு ஏற்கெனவே குறைந்து பல் தளர்ந்திருந்தாலும், அந்தக் காரையின் பிடியில் ஆடாதது போல இருக்கும். அதை எடுத்ததும் இருக்கிற ஆட்டமும் இருக்கிற இடைவெளியும் தெரிகின்றன. ஆட்டத்தைக் கொடுத்தது ஸ்கேலிங் இல்லை. ரத்தம் விஷயத்தில் நடந்த அதே குழப்பம்தான் இங்கேயும், மறைத்ததை விலக்கியவர் மேல் பழி விழுகிறது.

சிகரெட் கறை போக வேண்டும் என்று சொரசொரப்பான பற்பொடியோ "வெண்மை" பற்பசையோ போட்டு அழுத்தித் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். கறையோடு சேர்ந்து பல்லின் மேற்பரப்பும் தேயும், ஈறு இறங்கி வெளியே வந்த வேர் இன்னும் வேகமாகத் தேயும். கறையை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

கரையோரம்
ஜனவரி 15, இரவு 9.02

நான் புகைப்பதில்லை. கீழ் இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வேன், 11 வருடப் பழக்கம். நுரையீரலுக்குப் புகை போகாததால் பயமில்லை என்று இருந்தேன். அந்த இடத்தில் மட்டும் மூன்று பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் உயிர் போகிறது. கூச்சத்துக்கான பற்பசை போதுமா?

இன்னொன்று, கன்னத்தின் உள்பக்கம் அந்த இடத்தில் தோல் வெள்ளையாகச் சுருங்கி இருக்கிறது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி. வலி கிடையாது.

வேர்நுனி
ஜனவரி 15, இரவு 9.25

கரையோரம், நீங்கள் முதலில் எழுதியதைவிட இரண்டாவதாக எழுதியதுதான் எனக்கு முக்கியம். நாளைக்கே போய்க் காட்டுங்கள். பற்பசையைப் பிறகு பார்க்கலாம்.

புகையிலை தொடர்ந்து படும் இடத்தில் தோல் இப்படி வெள்ளையாகத் தடிப்பது நிறைய பேருக்கு நடக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் எந்தத் திட்டு சரியாகும், எது புற்றாக மாறும் என்று வெறும் கண்ணால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிறுத்திய பிறகும் போகாவிட்டாலோ, நடுவே சிவப்பு கலந்திருந்தாலோ, தொட்டால் கெட்டியாக இருந்தாலோ துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். வலியில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய்ப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

புகை இல்லாத புகையிலையும் பாதுகாப்பானது இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. அதில் புற்றுநோய் தரும் வேதிப்பொருட்கள் குறைந்தது 28 கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. புகைப்பவருக்கு வாய் முழுக்கப் படுவது உங்களுக்கு ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஊறுகிறது. பல வகைகளில் இனிப்பும் சேர்ப்பதால் வெளியே வந்த வேரில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். மென்றால் அதிலுள்ள நுண்மணல் பல்லைத் தேய்க்கும். இறங்கிய ஈறு தானாக ஏறாது.

படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம், நாக்கிலோ உதட்டிலோ மரமரப்பு. இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

மழைக்குப்பின்
ஜனவரி 18, மாலை 4.30

டாக்டர், என் கணவருக்கு நாளை மறுநாள் கடைவாய்ப் பல் எடுக்கப் போகிறார்கள். தினமும் ஒரு பாக்கெட் பிடிப்பவர். "பல் எடுத்த பக்கம் புகை படாமல் மறுபக்கமாக இழுத்துக்கொள்கிறேன்" என்கிறார். சொன்னால் கோபம் வருகிறது. நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

வேர்நுனி
ஜனவரி 18, மாலை 6.00

அம்மா, பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடி போல நிற்க வேண்டும். அதுதான் அடியில் உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் போர்வை. புகையை எந்தப் பக்கமாக இழுத்தாலும் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தம் ஒன்றுதான், உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். பெயராவிட்டாலும் நிக்கோட்டின் அந்த இடத்துக்கு ரத்தம் வருவதைக் குறைக்கும். எலும்பு திறந்துகொண்டால் டிரை சாக்கெட் என்போம். வலி காது வரை இழுக்கும், சாதாரண மாத்திரைக்கு அடங்காது. குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம் புகைக்கக் கூடாது. உறிஞ்சுகுழாயும் வேண்டாம். நிக்கோட்டின் பட்டை ஒட்டலாமா என்று பல் எடுப்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கோபப்படுபவரிடம் "நிரந்தரமாக விடு" என்று இப்போது பேச வேண்டாம். 3 நாள் மட்டும் கேளுங்கள்.

புதியஇலை
ஜனவரி 19, இரவு 11.50

மின்சிகரெட் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் அதற்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. பல்லில் கறை இல்லை. அது ஈறுக்குப் பரவாயில்லையா டாக்டர்?

வேர்நுனி
ஜனவரி 20, காலை 8.15

கறை போனது உண்மை. ஆனால் அதில் நிக்கோட்டின் இருந்தால் ரத்தக் குழாய் சுருங்குவதும் இருக்கும், அதனால் உங்கள் ஈறையும் வெளித் தோற்றத்தை வைத்து நம்ப முடியாது. வாயும் வறளும். எச்சில் குறைந்தால் சொத்தை கூடும். ஒருமுறை அளந்து பாருங்கள் தம்பி.

நடைவண்டி
ஜனவரி 20, மதியம் 2.40

நிறுத்த முயல்பவர்களுக்கு என் அனுபவம். நிக்கோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளினேன், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். பிறகுதான் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி இரண்டு கடி. ஒன்று அரை மணி நேரம் வரும். காபி, பழச்சாறு குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் நிக்கோட்டின் சரியாக ஏறாது. காலையில் எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர் என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி.

ஆசை கிளம்பினால் ஒரு சில நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கிவிடும். முதல் மூன்று நாள்தான் கடுமை. நான் அந்த நிமிடங்களில் பல் தேய்த்தேன். வாய் சுத்தமாக இருக்கும்போது பிடிக்க மனம் வராது.

டாக்டரிடம் ஒரு கேள்வி. நிக்கோட்டின்தான் குழாயைச் சுருக்குகிறது என்றால் இந்தச் சூயிங்கமும் ஈறுக்குக் கெடுதல்தானே?

வேர்நுனி
ஜனவரி 20, இரவு 8.30

நியாயமான கேள்வி. சூயிங்கத்தில் நிக்கோட்டின் மெதுவாகவும் குறைவாகவும் ஏறுகிறது. புகையில் உள்ள 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் அதில் இல்லை. சில மாதங்களுக்கு அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும் மருந்து அது. என் நோயாளி சூயிங்கம் போடுகிறேன் என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

மழைக்குப்பின்
ஜனவரி 24, இரவு 10.10

இரண்டாவது நாள் இரவு மாடியில் போய்ப் பிடித்திருக்கிறார். மூன்றாவது நாள் விடியற்காலை வலி. நீங்கள் சொன்ன மாதிரியே காது வரை. குழியைக் கழுவி மருந்து வைத்து அடைத்தார்கள், இரண்டு தடவை மாற்றினார்கள். இன்றைக்குத்தான் கொஞ்சம் சாப்பிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பதிவை அவரே கேட்டு வாங்கிப் படித்தார். காலியிடம் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

ஜன்னலோரம்
ஜனவரி 27, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். பல் ஒவ்வொன்றையும் சுற்றி 6 இடம், என் 27 பல்லுக்கு மொத்தம் 162 இடம் அளந்தார்கள். மருத்துவர் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். "இரண்டு, மூன்று, இரண்டு" என்று வந்துகொண்டிருந்தது, மேல் கடைவாயில் அண்ணப் பக்கம் போனதும் "ஆறு, ஏழு, ஆறு" என்று மாறியது. அந்த நேரத்தில் எனக்குக் கை வேர்த்துவிட்டது. 4-ம் அதற்கு மேலும் உள்ள இடங்கள் 41. ஒரு பல் லேசாக ஆடுகிறது.

இதை எத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. நான்கு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள், மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வார்களாம். நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர்களை நோய் வேகமாக முற்றும் பிரிவில் சேர்ப்பார்கள் என்றும் சொன்னார். நான் நிறுத்திவிட்டேன் என்றதும் எழுந்து கை கொடுத்தார்.

வேர்நுனி
ஜனவரி 27, இரவு 10.00

நானும் கை கொடுக்கிறேன் ஐயா. புகைப்பவர்களுக்கு அண்ணப் பக்கம் பை ஆழமாவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கண்ணாடியில் தெரியாத பக்கம் அது.

கரையோரம்
பிப்ரவரி 19, மாலை 7.20

போய்க் காட்டினேன். அன்றே நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது வெள்ளை பாதிக்கு மேல் போயிருந்தது, ஆனால் பின்பக்கம் ஒரு சின்ன இடம் போகவில்லை. அதில் துளி எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை. செல்கள் லேசாக மாறத் தொடங்கியிருக்கின்றன என்று எழுதியிருந்தது. அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். இனி 3 மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பற்பசை கேட்டு வந்தவன் நான். டாக்டர் அன்றைக்கு "நாளைக்கே போங்கள்" என்று எழுதாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

ஜன்னலோரம்
மே 6, இரவு 9.30

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். 41 இடம் 13 ஆகியிருக்கிறது. 7 மி.மீ. இருந்த இடம் 5. ஆடிய பல் கொஞ்சம் இறுகியிருக்கிறது, கரைந்த எலும்பு திரும்பாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ரத்தம் ஏப்ரல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். வீக்கம் வற்றியதும் முன்பற்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணம் போலச் சின்ன இடைவெளிகள் தெரிகின்றன. ஒரு மாதம் கூச்சமும் இருந்தது. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த இடத்துக்கென்றே இருக்கும் குட்டி பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்கிறேன்.

ஆற்றுமணல்
மே 28, காலை 7.05

நான் இந்த இழையில் இரண்டாவதாக எழுதியவன். டாக்டர் அன்றைக்கு எழுதியதைப் படித்துவிட்டு வருத்தத்தில் நான்கு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. ஜன்னலோரம் அண்ணாவின் மே மாதப் பதிவு வந்த மறுநாள் நிறுத்தினேன். இன்று 22-ஆம் நாள்.

இன்று காலை துப்பும்போது சிவப்பாக வந்தது. போன தடவை வந்த அதே இடம், கீழ் வலது பக்கம். மெதுவாக அங்கேயே இன்னொரு தடவை தேய்த்தேன். திங்கட்கிழமை 10 மணிக்கு அளக்கப் போகிறேன்.